முதலில் அந்தத் தின்னரை மூடி வை

மஞ்சக்குப்பம், கடலூர்
பங்குனி

அன்புள்ள கயல்,

காரில் பிசின் ஒட்டிக்கொண்டது என்று நீ வாட்ஸப்பில் அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அதைத் துடைக்க மாப்பிள்ளை தின்னர், அதாவது பெயிண்டைக் கரைக்கிற திரவம், வாங்கி வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். முதலில் அதை மூடி எடுத்து வைக்கச் சொல். கம்பெனி பெயிண்ட் சூட்டில் வெந்து இறுகியது, கொஞ்சம் தாங்கும்; அதுவுமே மங்கிப்போகலாம். ஆனால் உன் வண்டியின் டிக்கிக் கதவு போன வருஷம் வெளியில் டச்சப் செய்தது. அந்த மாதிரிப் பட்டறைகளில் பெரும்பாலும் தின்னரில் கலக்கி அடித்து, காற்றிலேயே காயவிட்டிருப்பார்கள். அதன்மேல் மறுபடி தின்னரைத் தேய்த்தால் பெயிண்டும் துணியோடு வந்துவிடும். இத்தனை வருஷம் ஸ்ப்ரே கன் பிடித்தவன் சொல்கிறேன், கேள்.

அப்புறம், உன் வண்டியில் ஒட்டியிருப்பது எல்லாம் ஒரே சரக்கு இல்லை. பானெட் முழுக்கப் பொடிப்பொடியாக மின்னுகிறதே, அது பிசினே கிடையாது. மாமரம் பூக்கும்போது பூங்கொத்தில் தத்துப்பூச்சி உட்கார்ந்து சாறு உறிஞ்சும். உறிஞ்சியதில் மிஞ்சுகிற இனிப்புத் தண்ணீரைக் கழிவாகக் கீழே விடும். சர்க்கரைதானே, வெதுவெதுப்பான தண்ணீரும் கார் ஷாம்பூவும் போதும். விட்டுவைத்தால்தான் தொல்லை. அதன்மேல் கரும்பூசணம் பிடிக்கும். உன் வீட்டு மாவிலையே கறுத்துக் கிடக்கும் பார்.

கூரைமேல் தேன் நிறத்தில் மூன்று நான்கு கட்டியாக இருப்பது வேப்பம்பிசின். இது தண்ணீரில் ஊறுகிற ஜாதி. ஜிகர்தண்டாவுக்கு ஊறவைத்த பாதாம் பிசின் மாதிரி உப்பிவிடும். சூடு பொறுக்கிற தண்ணீரில் துணியை நனைத்துக் கட்டிமேல் போட்டு, கால் மணி நேரம் விடு. துணி ஆறினால் மறுபடி நனை. கொழகொழவென்று ஆனதும் விரலாலேயே தள்ளிவிடலாம். பிளேடு, பாத்திரம் தேய்க்கிற நார் எதுவும் வேண்டாம். மஞ்சளாகச் சுவடு மிஞ்சினால் மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் கிடைக்கும். பஞ்சில் தோய்த்து ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட்டுத் துடை, உடனே தண்ணீர் விட்டுக் கழுவு. டிக்கிக் கதவில் மட்டும் ஸ்பிரிட்டும் கூடாது.

அந்தக் கதவில்தான் பலாப்பால் வழிந்திருக்கிறது. பண்ருட்டியில் வாங்கிய பழத்தைக் காம்பு கீழே பார்க்கச் சாய்த்து வைத்திருப்பீர்கள். பலாப்பால் தண்ணீருக்கு மசியாது. வெந்நீர் ஊற்றினால் இன்னும் இழுபடும். அம்மா பழம் அறுக்கும்போது கைக்கும் கத்திக்கும் எண்ணெய் தடவுகிறாளே, அதே வைத்தியம்தான் இதற்கும். தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிப் பத்து நிமிஷம் விடு. பிறகு விரல் நுனியால் வட்டமாக, மெதுவாக உருட்டு. முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் பழுப்பு ஓரம் கிளம்பும், பால் சுருண்டு திரித்திரியாக விரலில் வரும். அவசரப்பட்டு நகத்தால் கிள்ளாதே. எண்ணெய்ப் பசையை ஷாம்பூ போட்டு நன்றாக எடுத்துவிடு, இல்லாவிட்டால் தெருப்புழுதியெல்லாம் அங்கே வந்து உட்காரும்.

எதைச் செய்வதானாலும் வண்டி நிழலில் நிற்க வேண்டும், தகடு தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். முதல் வேலை, தண்ணீர் அடித்து மணலைக் கழுவுவது. கடற்கரைப் பக்கத்து மணல் ஒரு துகள் துணியில் சிக்கினாலும் கோடு போட்டுவிடும். பெயிண்டுக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு தலைமுடி அளவு தடிமன்கூட இருக்காது. எல்லாம் முடிந்த பிறகு கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பெயிண்ட்மேல் தடவிப் பார். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு அதில் தெரியும். தெரிந்தால் சொல், என்னிடம் கிளே பார் இருக்கிறது, ஒட்டிய துகளை இழுத்தெடுக்கிற களிமண் மாதிரிக் கட்டி. சொரசொரப்பு இல்லையென்றால் மெழுகு போட்டுவிடு. அடுத்த சொட்டு அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது.

வீட்டுக்காரரிடம் மாமரக் கிளையை வெட்டச் சொல்லப்போவதாக எழுதியிருந்தாய். வேண்டாமே. 2011 டிசம்பர் 30 'தானே' புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவன் நான்; நிற்கிற மரத்தை வெட்டச் சொல்ல மனசு வரவில்லை. பூ உதிர்ந்து பிஞ்சு நிற்கிற வரைக்கும் வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்துங்கள். கவர் போடுவதாக இருந்தால் கழுவிய வண்டிக்கு மட்டும் போடுங்கள். புழுதியோடு மூடினால் காற்றில் கவரே உப்புத்தாள் வேலை செய்துவிடும்.

பலாப்பால் போன இடத்தில் மங்கலாகத் தழும்பு தெரிந்தால் பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றுகிற காம்பவுண்ட் பசையை வாங்கித் தேய்க்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டு வாருங்கள், பாலிஷ் மெஷினை எடுத்து வைக்கிறேன். காலையிலேயே வந்தால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா