ஏஜென்டுக்கும் வேண்டும் கேட்டலாக்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சண்முகம்,

உன் மெயில் கிடைத்தது. பாப்பாவுக்கு நெல்லையிலேயே காலேஜ் கிடைத்ததில் எங்களுக்கும் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ திறந்ததிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வருவது பரவாயில்லை. மெஜஸ்டிக்கிலும் ஆர்.வி. ரோட்டிலும் மாற வேண்டியிருக்கிறது. ஆனாலும் சில்க் போர்டு சிக்னலில் ஆயுளைக் கழிக்க வேண்டாம்.

ஏ.ஐ. கம்பெனியில் உனக்கு என்னடா வேலை என்று கேட்டிருந்தாய். ஏறக்குறைய உன் வேலைதான், நூலகர் வேலை.

ஏஜென்ட் என்றால் பேசுவதோடு நிற்காமல் காரியமும் செய்கிற ஏ.ஐ. ஆர்டர் எங்கே இருக்கிறது என்று பார்க்க, பணத்தைத் திருப்பித் தர, ரசீது அனுப்ப, ஒவ்வொன்றுக்கும் ஒரு டூல். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற குறிப்பு. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் மாடல், அதாவது ஏஜென்டின் மூளை, வேலையைத் தொடங்கும். பத்துப் பதினைந்து டூல் இருந்தவரை சிக்கல் இல்லை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற பொது இணைப்பு முறையை வெளியிட்ட பிறகு டூல்களைச் சேர்ப்பது சுலபமாகிவிட்டது. ஒவ்வொரு டீமும் தன் பங்குக்கு ஒரு கட்டு டூல்களைக் கொண்டுவந்து செருகுகிறது. விளைவு, வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள் மாடலின் கவனத்தில் பாதி விளக்கம் படிப்பதிலேயே போகிறது, காசும் கூடவே. ஒரே ஜாடையில் பல பெயர்கள் இருந்தால் குழப்பம் வேறு. சந்தாவை நிறுத்தச் சொன்னால் ஆர்டரை ரத்து செய்யும் டூலை எடுத்துவிடும்.

அதனால் இப்போது கையில் ஒரே ஒரு தேடல் டூலைக் கொடுக்கிறோம். வேண்டியதைத் தேடி எடுத்துக்கொள்ளட்டும் என்று. எப்படித் தேடுவது என்பதில்தான் வாக்குவாதம். டீமில் உள்ள பசங்களுக்கு எம்பெடிங் மேல் ஆசை, அதாவது சொல்லின் அர்த்தத்தை எண்களாக்கி ஒப்பிடும் முறை. நான் சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்த்து மதிப்பெண் போடும் பழைய பி.எம்.25 முறையின் பக்கம் நின்றேன். எல்லா ஏட்டிலும் வருகிற சொல்லுக்கு மதிப்பு குறைவு, அபூர்வமாக வருகிற சொல்லுக்கு அதிகம் என்று 1972-இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற கணினி ஆய்வாளர் எழுதினார். 1990-களில் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ராபர்ட்சன் குழுவினர் உருவாக்கிய பி.எம்.25-க்கு அதுதான் அஸ்திவாரம். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினாலும் ஓர் அளவுக்கு மேல் மதிப்பெண் ஏறாது. வளவளவென்று எழுதினால் குறையும். ஏன் இந்த டூல் முதலில் வந்தது என்று பேப்பரில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

வாசகர் கேட்கிற சொல் ஒன்று, கேட்டலாக் அட்டையில் இருக்கிற சொல் வேறொன்று என்றால் என்ன செய்வாய் என்று நீ கேட்பாய். மனிதன் ஒரு தடவை தட்டிப் பார்ப்பான், கிடைக்காவிட்டால் போய்விடுவான். ஏஜென்டுக்கு அலுப்பே கிடையாது. ‘ரீஃபண்ட்’ இல்லையா, ‘ரிட்டர்ன்’. அதுவும் இல்லையா, ‘ரிவர்சல்’. வாடிக்கையாளர் “காசு இன்னும் வரலையே” என்று தமிழில் புலம்பினாலும் தேடலுக்குப் போவது ஏஜென்ட் யோசித்துப் போடும் சொல்தான். பழைய முறையின் பாதிக் குறை இதிலேயே அடங்கிவிடுகிறது. சுற்றி வளைத்துக் கேட்கும் இடங்களில் எம்பெடிங்தான் கைகொடுக்கும், மறுக்கவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

உண்மையான தலைவலி விளக்கங்கள்தான். ‘இந்த டூல் டேட்டாவைப் பெற உதவும்’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எந்த டேட்டா? எல்லா விளக்கத்திலும் இதே சொற்கள் இருப்பதால் தேடலில் அவற்றுக்கு மதிப்பே இல்லை. இன்னொருவர் தங்கள் டீமின் புராஜெக்ட் பெயரையே டூலுக்கு வைத்திருந்தார். அதை வெளியாள் எப்படித் தேடுவான்? ‘கேன்சல்_ஆர்டர்’ என்று கீழ்க்கோடு போட்டு ஒட்டினால் சில தேடல் நிரல்கள் அதை ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளும், ‘கேன்சல்’ என்று தேடினால் வராது. இதைவிட வேடிக்கை, ‘சந்தாவை நிறுத்த இதைப் பயன்படுத்தாதே’ என்று நல்லெண்ணத்தில் ஒரு வரி சேர்த்தால், சந்தா என்று தேடும்போதெல்லாம் அந்த டூல்தான் முன்னால் வந்து நிற்கும்! எச்சரிக்கைகளை மாடல் படிக்கும் பகுதியில் மட்டும் வைத்து, தேடலுக்கான பகுதியிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

நூலகங்களுக்கு விதிகள் எழுதிய உன் ரங்கநாதன் கடைசிவரை இந்த ஊரில்தான் இருந்தார், தெரியும்தானே. 1962-இல் அவர் தொடங்கிய நூலகப் பயிற்சி மையம் மைசூர் ரோட்டில் இந்தியப் புள்ளியியல் நிறுவன வளாகத்தில் இன்னும் நடக்கிறது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்ற அவருடைய நான்காம் விதியை டீம் சேனலில் போட்டேன். ஒரு பையன் ‘வாசகரின்’ என்பதை அடித்துவிட்டு ‘ஏஜென்டின்’ என்று மாற்றிவிட்டான்.

எனக்கு ஓர் உதவி செய். ஒரே பொருளுக்குப் பல பெயர் இருந்தால் ‘காண்க’ என்று குறிப்பு அட்டை போடுவீர்களே, பழைய அட்டைகள் இருந்தால் நாலைந்தைப் படம் எடுத்து அனுப்பு. மாற்றுப் பெயர்களை விளக்கத்துக்குள் திணிக்காமல் தனியாக வைக்கலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் எந்தப் பெயருக்கு அட்டை போடுவது, எதை விட்டுவிடுவது என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்பதையும் எழுது.

அப்புறம், தீபாவளிக்கு நெல்லை வருகிறோம். டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது, கிடைக்காவிட்டால் பஸ்தான். தங்கச்சியையும் பாப்பாவையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்