சேர்ச் ஹோலில் நாடகம் போடப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நேற்றுப் போனில் உமது குரல் சோர்ந்திருந்தது. இங்கிலாந்தில் நாடகம் போட ஐந்து ஊர் கிடைத்திருக்கிறது, ஐந்தும் சேர்ச் ஹோல், தேவாலயத்தோடு சேர்ந்த பொது மண்டபம். "ஒரு தியேட்டர்கூட அமையேல்லை அண்ணை" என்றீர். ஆறுதல் சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஹோல்களைத் தியேட்டராக்க வெளிக்கிட்டுக் காசை வீணாக்காதீர் என்று சொல்லத்தான்.

நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஹோலின் ஒரு கோடியில் பிள்ளைகளின் நத்தார் நாடகத்துக்கென்று கட்டிய சின்ன மேடை இருக்கும். நாலு பேர் ஏறினால் முழங்கை இடிக்கும். குரல் பின்வரிசைக்குப் போவதற்குள் கூரையில் மோதிக் கலங்கிவிடும். மூன்றாவது ஊரில்தான் புத்தி வந்தது. மேடையை விட்டு இறங்கினோம். பாட்மின்டன் கோடு போட்ட தரையில் ஆட்டம், மூன்று பக்கமும் கதிரை, பக்கத்துக்கு மூன்று வரிசை. அவ்வளவுதான்.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1948 எடின்பரோ விழாவுக்காகப் பதினாறாம் நூற்றாண்டு ஸ்கொட்லாந்து நாடகமொன்றைப் போட இடம் தேடி அலைந்த நாடக இயக்குநர் டைரன் கத்ரி, கடைசியில் ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் பேரவை மண்டபத்தில் வந்து நின்றார். அங்கே திரைச்சீலை மேடை கிடையாது. மேடையை நடுவுக்குத் தள்ளிப் போட்டு மூன்று பக்கமும் சனத்தை இருத்தினார். 1953இல் கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டில் அமைந்த அவருடைய மேடையும் அந்த வழியில் வந்ததுதான். சனம் சுற்றியிருக்க நடுவில் கூத்தாடும் மட்டக்களப்பு வட்டக்களரி தெரிந்த எங்களுக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. அது வேறு கதை.

வெளிச்சத்தில் கவனம். சுவர் பிளக் 13 அம்பியர், ஏறக்குறைய 3,000 வாட்தான் தாங்கும். கேத்தில் ஒன்றே அதைக் குடித்துவிடும். ஓர் ஊரில், தாய் மகனின் கடிதத்தை வாசிக்கும் கட்டம். குசினியில் ஓர் அக்கா இடைவேளைத் தேத்தண்ணீருக்கு இரண்டு கேத்திலையும் ஒன்றாகப் போட்டார். டப்! முழு இருட்டு. நடிகை நிறுத்தவில்லை, மிச்சத்தை மனப்பாடமாகச் சொல்லி முடித்தார். சனம் அதை இயக்குநரின் உத்தி என்று நினைத்துக் கைதட்டியது. நானும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு கரண்ட் குறைவாக இழுக்கும் எல்ஈடி விளக்குத்தான்.

லைசன்ஸுக்குப் பயப்படாதீர். இங்கிலாந்தில் 2013 ஜூன் முதல், காலை 8 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் 500 பேருக்கு மேற்படாத நாடகத்துக்கு அது தேவையில்லை. மது விற்றால்தான் கவுன்சிலுக்குப் போக வேண்டும். பற்றிஸும் தேத்தண்ணீரும் போதும்.

அப்புறம், முடிந்த கையோடு சாமான் கட்ட ஓடாதீர். தியேட்டரில் விளக்குப் போட்டதும் சனம் ரயிலுக்கு ஓடும். ஹோலில் கதிரை அடுக்க நிற்கும், கதைக்கும், அடுத்த நாடகத்துக்கு ஆளும் அங்கேதான் பிடிபடும். 1957 ஜூலை 6, லிவர்பூல் வூல்ற்றனின் சென். பீற்றர்ஸ் சேர்ச் ஹோலில், மாலை நிகழ்ச்சிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த 16 வயது ஜோன் லெனனுக்கு ஒரு 15 வயதுப் பையனை அறிமுகம் செய்தார்கள். போல் மக்கார்ட்னி. அவர்கள் சேர்ந்த இசைக்குழுதான் பீற்றில்ஸ். உமக்கு ஒரு பீற்றில்ஸ் கிடைக்காவிட்டாலும் ஒரு மிருதங்கக்காரர் கிடைக்கலாம்.

இரவு திறப்பை யாரிடம் கொடுப்பது என்று முதலே கேட்டு வையும். வான் வேண்டுமென்றால் சொல்லும். என்னுடையது சும்மாதான் நிற்கிறது.

அன்புடன்,
அண்ணை