பேத்திக்கான தீபாவளி இனிப்பு

மதுரை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குச் சீலியாக் நோய் என்று உறுதியானதை எழுதி, இந்தத் தீபாவளிக்கு அவளும் சாப்பிடும்படி, மற்ற வீடுகளுக்கும் கொடுக்கும்படி என்ன இனிப்பு செய்யலாம் என்று கேட்டிருந்தாய். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இந்த நோய் உள்ளவர்களின் குடலைப் புண்படுத்தும், அதைத் தவிர்த்தால் போதும். கவலைப்படாதே. நம் பலகாரங்களில் பாதிக்கு மேல் கோதுமையே கிடையாது. நம்மை மாட்டிவிடுவது மாவு மில்லும் சல்லடையும்தான்.

முதலில் ஒன்று. ‘மைதா போடவில்லை’ என்றால் போதாது. கோதுமை, ரவை, சேமியா, பார்லி, மால்ட் கலந்த சத்துமாவுகள் எல்லாவற்றிலும் குளூட்டன் உண்டு. வறுத்தாலும் பொரித்தாலும் அது போகாது. ‘துளிதானே, ஒன்றும் ஆகாது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், விடாதே. வயிற்று வலி வராவிட்டாலும் உள்ளே குடல் புண்படும். ‘குளூட்டன் இல்லாதது’ என்று பாக்கெட்டில் போட, நம் நாட்டு உணவுச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான். மாவு சலித்த சல்லடையைத் தட்டிவிட்டு அப்படியே பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று நீயே யோசி.

அதனால் கடலை மாவு, அரிசி மாவு இரண்டையும் மில்லில் கொடுக்காதே. உனக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருப்பார்கள். வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள். புதுச் சல்லடை ஒன்று, எவர்சில்வர் தட்டு, கரண்டி தனியாக வை. சப்பாத்திக் கட்டை வேண்டவே வேண்டாம். மரத்தின் விரிசலில் மாவு தங்கும். மைதா பலகாரம் செய்யும் நாளில் இதைச் செய்யாதே, மாவுத் தூசி காற்றில் பறந்து வந்து படியும். அவளுக்கானதை முதல் நாளே முடித்து மூடி வைத்துவிடு.

கடலை மிட்டாய்தான் என் முதல் யோசனை. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி மிட்டாய்க்கும் நிலக்கடலையும் வெல்லமும்தானே அடிப்படை! பச்சைக் கடலை 300 கிராம் வாங்கி, சிறு தீயில் நிதானமாக வறுத்து, தோல் நீக்கி, இரண்டாக உடைத்துக்கொள். வெல்லம் 200 கிராம், தண்ணீர் கால் டம்ளர். கரைந்ததும் வடிகட்டு, மண் இருக்கும். பிறகு நடுத்தரத் தீயில் காய்ச்சு.

பதம்தான் எல்லாம். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார். முதலில் கரையும், அடுத்து மெத்தென்று உருளும், அப்புறம் கெட்டியாக உருளும். பொரிவிளங்காய்க்கு அது போதும், மிட்டாய்க்குப் போதாது. தண்ணீரிலிருந்து எடுத்து ஒடித்தால் ‘டக்’கென்று கண்ணாடிபோல் ஒடிய வேண்டும். வெப்பமானி இருந்தால் சுமார் 145 டிகிரி செல்சியஸ். அதன்பின் அரை நிமிடம் அசந்தாலும் கருகிக் கசந்துவிடும். பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, ஏலக்காயும் கொஞ்சம் சுக்குப் பொடியும் சேர்த்து, கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பி, நெய் தடவிய கிண்ணத்தின் அடிப்பாகத்தால் அழுத்து. சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிடு. ஆறினால் கோணல்மாணலாக உடையும்.

பல்லில் ஒட்டினால் பாகில் தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். செய்த அன்று மொறுமொறுப்பாக இருந்து மறுநாள் பிசுபிசுத்தால் குற்றம் பாகுடையது அல்ல, ஐப்பசி மழையினுடையது. வெல்லம் ஈரத்தை இழுக்கும். முழுக்க ஆறியதும், தாமதிக்காமல் காற்றுப் புகாத டப்பாவில் போடு. உருண்டையாகப் பிடிப்பதானால் கையில் தொட்டுக்கொள்ள வீட்டில் அரைத்த அரிசி மாவுதான்.

மாலாடு இதைவிட எளிது. அடுப்பு வேலையே குறைவு. பொட்டுக்கடலை 1 கப்பை லேசாகச் சூடாக்கி நைசாக அரை, சர்க்கரை முக்கால் கப்பைத் தனியாகப் பொடி செய். கால் கப்புக்குச் சற்றுக் கூடுதலாக நெய்யைக் காய்ச்சி, சூடாகவே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடி. உதிர்ந்தால் இன்னும் ஒரு ஸ்பூன் நெய்.

தேங்காய் பர்ஃபிக்குத் துருவல் 2 கப், வெள்ளைப் பகுதி மட்டும். சர்க்கரை ஒன்றரை கப். கெட்டிப்பட ரவை சேர்ப்பவர்கள் உண்டு. கடையில் வாங்கினால் இதைக் கேள். ஓரத்தில் நுரைத்து, வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது உடனே தட்டில் கொட்டு. முன்னால் கொட்டினால் இறுகாது, பின்னால் கொட்டினால் பொடிந்துவிடும். வெளியில் மூன்று நாளைக்கு மேல் தாங்காது, அதனால் கொடுப்பதற்கு முதல் நாள் செய்.

பெட்டி கட்டும்போது காரத்தையும் பார். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும், பாக்கெட்டின் பின்னால் படி. பூரி பொரித்த எண்ணெயில் முறுக்குச் சுடாதே. அவளுடைய இனிப்பை மற்றப் பலகாரங்களோடு ஒரே பெட்டியில் அடுக்காதே. நிலக்கடலை ஆகாத குழந்தைகளும் உண்டு, மூடியில் என்னென்ன போட்டாய் என்று ஒரு சீட்டு ஒட்டிவிடு. விருந்து நாளில் அவளுக்கான தட்டை எல்லாருக்கும் முன்னால் வை. குலாப் ஜாமூன் எடுத்த கை அதில் படுவதற்குள் அவள் எடுத்துக்கொள்ளட்டும்.

பாகு பதத்தில் சந்தேகம் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
செல்வி