பச்சை அட்டை

சிவமயம்

பள்ளத்தூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள ஆத்தாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலம்தானே?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன வாரம் நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் போனில் பதில் வரவில்லை. "யாரென்றே தெரியாதவர்களோடு ராத்திரி பத்து மணி வரைக்கும் அப்படி என்னம்மா பேச்சு?" என்று கேட்டாய். நீ கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டாய் என்று தெரியும். அதற்குப் பதிலாகத்தான் இது. அப்புறம் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். வீட்டு விலாசத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. பேங்க் விவரம் எதுவும் போனில் இல்லை. ஒரே ஒரு தடவை, போனில் கூடுகிற எங்கள் புத்தகக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அரிய புத்தகம் வாங்கித் தருவதாக 2,000 ரூபாய் கேட்டார். குழுவை நடத்துகிற அம்மாவிடம் சொன்னேன், அன்றைக்கே அவரை நீக்கிவிட்டார்கள். மற்றபடி எல்லாரும் படிக்கிற ஜனங்கள்.

ஆத்தா, எனக்கு எட்டு வயதிலிருந்து படிக்கிற பழக்கம். படித்ததைப் பேசத்தான் ஆள் கிடைக்கவில்லை. கோட்டையூரில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பங்குனி மாதம் எங்கப்பச்சி என்னைக் காரைக்குடி கம்பன் விழாவுக்குக் கூட்டிப்போவார்கள். சா. கணேசன் 1939-ல் தொடங்கிய விழா. மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில். அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில், கம்பன் சமாதியில். சொன்ன நேரத்துக்கு நிமிஷம் பிசகாமல் தொடங்கிவிடுவார்கள் என்பதால் எங்கப்பச்சி ஒரு பஸ் முன்னாடியே கிளம்பிவிடுவார்கள். ராமன் மறைந்து நின்று வாலியைக் கொன்றது சரியா என்று மேடையில் பெரிய பெரிய ஆட்கள் மோதுவார்கள். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தொண்டை வரைக்கும் ஒரு பதில் வந்து நிற்கும். அதை யாரிடம் சொல்வது? வீட்டுக்கு வந்தால் மாவாட்டுகிற வேலை காத்திருக்கும்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு உன் அப்பத்தா கிடைத்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தலைக்கு மணைக்கட்டையை வைத்துப் படுத்துக்கொண்டு, நான் வாசிக்க அவர்கள் கேட்பார்கள். அவர்கள் போன பிறகு மறுபடியும் நான் மட்டும்தான். என் வீட்டுக்காரர், உன் அப்பச்சி, பேரேட்டைத் தவிர வேறெதையும் படித்ததில்லை. ஆனால் மதுரைக்குப் போனால் எனக்கொரு புத்தகம் வாங்காமல் திரும்பியதும் இல்லை. வாங்கித் தருவார்கள், நான் படிப்பேன், பீரோவில் வைப்பேன். அவ்வளவுதான்.

இந்தக் குழுவில் சேர்த்துவிட்டது எதிர்வீட்டுப் பிள்ளை. அது உனக்குத் தெரியும். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு எல்லாரும் வீடியோவில் கூடுவோம். மலேசியாவில், ஈப்போவில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், அப்போது அவருக்கு மணி பத்தரை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பையன் நைட் ஷிப்ட் இடைவேளையில் வருவான், பின்னால் மெஷின் சத்தம் கேட்கும். யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தி. நாம் படிப்பு என்பதை அவள் வாசிப்பு என்பாள். எந்தப் பழைய தாளைக் கண்டாலும் உடனே படம் எடுத்து வையுங்கள் என்று எல்லாரையும் விரட்டுவாள். 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தியபோது 97,000 புத்தகங்கள் போயின. அப்போது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அவள் விரட்டும்போது யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

நான் வாய் திறக்க ஏழு வாரம் ஆனது. அன்றைக்குக் கம்பராமாயணத்தில் கிட்கிந்தா காண்டம் போய்க்கொண்டிருந்தது. மதுரைத் திட்டம் என்று ஒன்று, 1998 பொங்கலன்று தொடங்கியது. ஊர் ஊராக இருக்கிற தமிழர்கள் காசு வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றியிருக்கிறார்கள். அதிலிருந்து போனில் படித்துக்கொண்டிருந்தோம். வழக்கம்போல வாலியா ராமனா என்று பேச்சு சூடாகிவிட்டது. நான் மைக்கைத் திறந்து, "தாரையைப் பற்றி யாரும் பேசவில்லையே" என்றேன். வாலியின் மனைவி அவள், கோபமாக வருகிற இலக்குவன் முன்னால் நகையில்லாமல், பூவில்லாமல் வந்து நிற்கிறாள். அவளைப் பார்த்ததும் அவனுக்குத் தன் தாய்மாரின் ஞாபகம் வந்து கண் கலங்குகிறது. கோபம் அங்கேயே இறங்கிவிடுகிறது. வாலி செத்தது சரியா தப்பா என்பதற்கு அந்த இடத்தைவிட வேறு என்ன பதில் வேண்டும் என்று கேட்டேன். உன் அப்பச்சி போய் அப்போது எட்டு மாதம். பன்னிரண்டு வயதில் தொண்டையில் நின்றதை அறுபத்தாறு வயதில் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்தத் திருப்பூர்ப் பையன், "ஆச்சி, இன்னொரு தடவை சொல்லுங்க, மெஷின் சத்தத்துல பாதி கேக்கல" என்றான். முழுக்க மறுபடி சொன்னேன். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நான் கோட்டையூரில் பிறந்தவள் என்று தெரிந்ததும் எல்லாரும் ரோஜா முத்தையாவைப் பற்றித்தான் கேட்டார்கள். நம்ம ஊர்க்காரர், புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பு என்று ஏறக்குறைய ஒரு லட்சம் சேர்த்து வைத்தவர். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994-லிருந்து அது சென்னையில் நூலகமாக இருக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அதன் அருமை இந்த அயலூர்க்காரர்கள் சொல்லித்தான் புரிந்தது. மறுநாளே நம் பெட்டகத்தைத் திறந்துவிட்டேன்.

வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டு வைத்திருந்ததால் ராமபாணப் பூச்சி அதிகம் அரிக்கவில்லை. காலையில் பத்து மணிக்கு முகப்பில் நல்ல வெளிச்சம் விழும். புத்தகத்தைப் பாதிக்கு மேல் விரிக்காமல், ஓரத்தில் சோழிப் பையைப் பாரமாக வைத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுக்கிறேன். ஒரு நாளைக்கு 40 பக்கம், அதற்கு மேல் இடுப்பு தாங்காது. கையில் முதலில் வந்தது பச்சை அட்டை.

உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அப்பத்தா வாராவாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, காரைக்குடியில் பைண்டு போட்டது. கதைக்குப் பின்பக்கம் சோப்பு விளம்பரமும் துணுக்கும் வரும், நீ அதைத்தான் பார்ப்பாய். அந்தக் கதை புத்தகமாக வரவேயில்லை. நம் பைண்டில் கடைசி இரண்டு வாரம் இல்லை. இரவல் வாங்கிப்போன யாரோ தொலைத்துவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். முடிவை உன் அப்பத்தா எனக்கு வாயால் சொன்னார்கள். அந்தப் பெண் கைக்குழந்தை இறந்த துக்கத்தோடு தாய்வீட்டுக்கு வருகிறாள், மெல்லத் தேறுகிறாள், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கிறாள் என்று. அவள் கட்டின சேலை நிறம் வரைக்கும் சொன்னார்கள்.

இதைக் குழுவில் சொன்னபோது ஈப்போ ஆசிரியர், அதே கதையைத் தன் அம்மாவும் கத்தரித்து வைத்திருந்தார்கள் என்றார். போன புதன்கிழமை அந்த இரண்டு வாரப் பக்கங்களும் படமாக வந்தன.

அதில் பள்ளிக்கூடம் இல்லை, ஆத்தா. அந்தப் பெண் ஊருணியில் இறங்கிவிடுகிறாள். அதோடு கதை முடிகிறது.

பச்சை அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தை நன்றாக விரித்தேன். கிழிந்த தடம் இல்லை. தையலை ஒட்டி பிளேடால் நேராக அறுத்த தடம் இருக்கிறது. இந்தக் கதையை நான் படித்தது 1978 ஆடியில். உன் அண்ணன் பிறந்து பதினோரு நாளில் போய், அப்போது மூன்று மாதம். நான் சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் கிடந்தேன். பச்சை அட்டையை நானாகக் கேட்கவில்லை. மனசு மாறட்டும் என்று கொண்டுவந்து கொடுத்தது உன் அப்பத்தாதான். முடிவு எப்படிப் போகிறது என்று அவர்களுக்கு இடையில்தான் நினைவு வந்திருக்க வேண்டும்.

47 வருஷம் அந்தப் பள்ளிக்கூடம் வைத்த பெண்ணை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

குழுவில் பக்கங்களுக்கு நன்றி மட்டும் சொன்னேன். முடிவைப் பற்றி எல்லாரும் ஒரு மணி நேரம் பேசினார்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பைண்டை முழுசாக்கி அச்சுப் போட்டுச் சேர்த்துவிடலாம் என்று ஆசிரியர் சொல்கிறார். அச்சு எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் தைக்கவில்லை. தனி உறையில் போட்டு பெட்டகத்தில் பச்சை அட்டைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மார்கழியில் நீ வரும்போது மத்தியானத்தில் உனக்கு முதலிலிருந்து வாசித்துக் காட்டுகிறேன். கடைசிக்கு வரும்போது அப்பத்தா சொன்னது போலவே சொல்கிறேன். உறையை அப்புறம் பிரிப்பதா வேண்டாமா என்று நீயே பார்த்துக்கொள்.

அடுத்த சனிக்கிழமை உனக்கு முடிந்தால் நீயும் வா. உனக்குக் காலை ஒன்பதரை ஆகும். நீ பேச வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

பேரனுக்கு முத்தம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அம்மா