வார்த்த தேதியும் எடுத்த தேதியும்

ஐயா,

ஞாயிறு ஆராதனையில் அறிக்கையிடும் விசுவாசம் திங்கள்கிழமை பட்டறையிலும் தெரிய வேண்டும். ஆத்தங்குடிக் கல்லையே, அதாவது கையால் வார்க்கும் பூப்போட்ட தரை ஓட்டையே, எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பின்புறம் சாந்து போட்டு இறுக்குகிறார்கள். வண்ணத்தையோ சிமெண்டையோ குறைத்தாலும் வாங்குபவருக்குத் தெரியாது. கண்ணாடி தரும் பளபளப்பு எல்லாக் கல்லிலும் ஒன்றுதான். வார்த்த கல் தண்ணீர்த் தொட்டியில் எத்தனை நாள் ஊறியது என்பதும் அவருக்குத் தெரியாது. சிமெண்ட் ஈரத்தில்தான் இறுகும். ஆர்டர் அவசரத்தில் முன்னதாக எடுத்தால் மூலை உடையும், மேற்பரப்பு பொடியும், பூ சீக்கிரம் தேயும். ஆள் பார்க்காத இந்த இடத்தில்தான் 'கர்த்தருக்கென்றே' செய்கிறோமா என்பது தெரியும் (கொலோசெயர் 3:23-24).

பலகாரக் கடைகளுக்கும் இது பொருந்தும். காலிப் பெட்டியைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிய பிறகே முறுக்கைப் போடுங்கள். அட்டையின் எடைக்குக் காசு வாங்குவதும் நீதிமொழிகள் 11:1 கண்டிக்கும் கள்ளத்தராசுதான். மின்னணுத் தராசை ஆண்டுதோறும் அரசிடம் சோதித்து மறுமுத்திரை பெறவும் வேண்டும்.

சபைகளில் இருக்கும் பட்டறைக்காரர்கள் ஒன்று செய்யலாம்: கல்லை வார்த்த தேதி, தொட்டியிலிருந்து எடுத்த தேதி இரண்டையும் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

– ஒரு வாசகர், காரைக்குடி