பிறவி இதயத் துடிப்புக் கோளாறுள்ள பச்சிளங்குழந்தைகளுக்கான கோரிக்கை மனு

அனுப்புநர்:
இரண்டு வயதுக் குழந்தையின் தாய்
(பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: கருவிலேயே துடிப்பு குறைந்த குழந்தைகளைக் கண்டறிந்து சிகிச்சையளிக்க ஏற்பாடு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் முதல் கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் கருவின் இதயத் துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவி நிமிடத்துக்கு 60 துடிப்பு காட்டியது. கருவிலுள்ள குழந்தைக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். "உங்க துடிப்பையே எடுக்குதும்மா, அடுத்த மாசம் வாங்க" என்றார்கள். அப்போதே என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணியிருந்தால் இரண்டும் வேறு என்று தெரிந்திருக்கும். செலவில்லாத சோதனை அது.

குழந்தை 50 துடிப்புடன் பிறந்தாள். ஈசிஜி எடுக்கப் பெரியவர்களுக்கான ஒட்டுகளே இருந்தன. அவை அவள் நெஞ்சையே மூடிவிட்டன. சென்னைக்குக் கொண்டுசென்ற பிறகே முழு இதய பிளாக் என்றார்கள். உறவினர்கள் ரத்தக்குழாய் அடைப்பு என்று நினைத்தார்கள். இது அதுவல்ல, மேலறையின் மின்துடிப்பு கீழறைக்கு இறங்காத கோளாறு. இதயத்தின் மேற்புறத்தில் கம்பி தைத்து, துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவியை வயிற்றுத் தோலுக்கடியில் வைத்தார்கள். இன்று ஓடியாடுகிறாள்.

காரணம் என் ரத்தத்திலிருந்த, உடலின் சொந்தத் திசுக்களையே தாக்கும் ஆன்டி-ரோ எதிர்ப்பொருள். எனக்கு எந்த நோய் அறிகுறியும் இருந்ததில்லை. இந்த எதிர்ப்பொருள் உள்ள தாய்மாரில் 100-க்குச் சுமார் 2 பேரின் குழந்தைக்கு இப்படி நேர்கிறது. ஒருமுறை நேர்ந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பத்தில் அது 100-க்கு 16 வரை உயர்கிறது. மீண்டும் கருவுற்றிருக்கும் எனக்கு, ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை இந்த ஆபத்தைக் குறைக்கும் என்று மருத்துவர் கொடுத்திருக்கிறார்.

ஆகவே, துடிப்பு 110-க்குக் கீழ் நீடித்தால் தாயின் நாடியோடு ஒப்பிட்டு, தாமதமின்றிக் கருவின் இதய எக்கோ ஸ்கேனுக்கு அனுப்பும்படி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு எழுத்துமூலம் உத்தரவிட வேண்டுகிறேன். உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ், ஷோக்ரன் நோயுள்ள கர்ப்பிணிகளுக்கும், முன்பு இப்படிக் குழந்தை பிறந்த எங்களைப் போன்றவர்களுக்கும் ஆன்டி-ரோ பரிசோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் சிறிய ஈசிஜி ஒட்டுகள் இருக்க வேண்டும். இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு சிறிய பொருள். பேஸ்மேக்கர் பேட்டரி தீரும்போதெல்லாம் மாற்றியாக வேண்டும். வாழ்நாள் முழுதும் தொடரும் அந்தச் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்பதை உறுதிசெய்ய வேண்டுகிறேன்.

எனக்கு இப்போது 15-ஆவது வாரம். அடுத்த வாரம் முதல் 26-ஆவது வாரம் வரை அடிக்கடி எக்கோ பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் போகவர எட்டு மணி நேரப் பேருந்துப் பயணம். எங்கள் மாவட்டத்திலேயே அதற்கு வழிசெய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: மருத்துவ அறிக்கை நகல்கள், காப்பீட்டு அட்டை நகல்.