திரைக்குப் பின்னால் நீ கேட்ட குரல்

திண்டுக்கல்
ஞாயிறு மாலை

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையையும் குழந்தையையும் விசாரித்ததாகச் சொல்.

நீ அனுப்பிய இரண்டு ஹோம் தியேட்டர் விளம்பரங்களையும் பார்த்தேன். எதை வாங்கலாம் என்று ஒரு வரியில் கேட்டிருந்தாய். முப்பத்தோரு ஆண்டுகள் சினிமா தியேட்டர் ஆபரேட்டர் அறையில் நின்றவனுக்கு இதை ஒரு வரியில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. புனேயில் உன் வீட்டில் தங்கியிருந்த பத்து நாளும் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு, என்ன பேசினார்கள் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சண்டைக் காட்சி வந்தால் நீ ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைப்பாய். பேச்சு வந்தால் கூட்டுவாய். அம்மாவின் காதில் குறை இல்லை. டாக்டரிடம் காட்டிவிட்டோம்.

நீ இரண்டாம் வகுப்பு படித்த கோடை விடுமுறை ஞாபகம் இருக்கிறதா? புதுப் பிரிண்ட் வந்திருந்தது. காலையில் ஓட்டிப் பார்க்கும்போது உன்னைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போனேன். திரை முழுவதும் ஊசியால் குத்தியதுபோல் பொடிப்பொடித் துளைகள். ஒலி வெளியே வருவதற்காக விட்ட துளைகள் அவை. அவற்றின் வழியாக வெளிச்சம் கசிந்து உன் சட்டையில் விழுந்தது. உன்னைவிட உயரமான மூன்று பெட்டிகள் அங்கே நின்றன. கதாநாயகி பேசத் தொடங்கியதும் நீ நேராக நடுப் பெட்டிக்கு ஓடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்து, அந்த அக்கா இதற்குள்ளா இருக்கிறார் என்று கேட்டாய். உன் கை அதிர்ந்துகொண்டிருந்தது.

அந்த நடுப் பெட்டிதான் சென்டர் ஸ்பீக்கர். ஒரு படத்தின் வசனம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வருகிறது. 5.1 என்று போட்டிருந்தால் முன்னால் இடம், நடு, வலம் என மூன்று, பக்கங்களில் சரவுண்ட் இரண்டு, ஆக ஐந்து. அந்தப் புள்ளி ஒன்று, இடி, வெடி போன்ற அடித்தொனிக்கென்று தனியாக ஒதுக்கிய தடம். ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி மட்டும் அதில் போவதால் முழு எண்ணாகக் கணக்கிடவில்லை. 7.1 என்றால் முதுகுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. 5.1.2 என்று மூன்றாவது எண் வந்தால் அது தலைக்கு மேலிருந்து ஒலி தரும் ஸ்பீக்கர்களின் கணக்கு. அட்மாஸ் என்று சொல்வது இந்த வகையைத்தான்.

உன் டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர். அவையும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நடுத் தடத்தில் வரும் வசனத்தை இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்து, அதே ஸ்பீக்கரில் இசையையும் வெடிச்சத்தத்தையும் ஏற்றும்போது பேச்சு அமுங்கிப்போகிறது. அம்மாவுக்குக் கேட்காமல் போனது அதனால்தான். ஆகவே எந்த செட் வாங்கினாலும் முதலில் சென்டர் ஸ்பீக்கரைப் பார். முதல் விளம்பரத்தில் அது சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கிறது. இரண்டாவதில் இடம், வலம் ஸ்பீக்கர்களுக்கு இணையாக இருக்கிறது. என் மனம் இரண்டாவதன் பக்கம்தான்.

முதல் செட்டில் 2000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை மாப்பிள்ளை பெரிதாக நினைப்பதாக எழுதியிருந்தாய். அதன் கீழே சின்ன எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருப்பதை அவரிடம் காட்டு. கண்ணிமைக்கும் நேரம் வந்துபோகும் உச்சத்தை அவரவர் விருப்பம்போல் கணக்கிட்டுப் போடும் எண் அது. அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்று சொல்வது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். அதை மட்டும் பாருங்கள்.

அதைவிடவும் நான் மதிக்கும் எண் ஒன்று உண்டு, சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் கேட்கும் என்பது. ஒன்று 85, இன்னொன்று 88 என்று வைத்துக்கொள். மூன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் 85 இருப்பது 88-இன் சத்தத்தை எட்ட இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும். காதுக்கு இரட்டிப்பாகக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ பத்து டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு மின்சக்தி தேவை. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தமும் இரண்டு மடங்காகிவிடும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மகளே. வருத்தமாக இருக்கும்.

7.1 உனக்கு வேண்டாம். உன் சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. பின்னால் இடமே இல்லாதபோது பின் ஸ்பீக்கர் என்ன செய்யும்? சோபாவை ஓர் அடியாவது முன்னால் இழுத்துப் போடு. சரவுண்ட் இரண்டையும் உன் தோளுக்குச் சற்றுப் பின்னே, காதைவிட ஓரடி இரண்டடி உயரத்தில் மாட்டச் சொல். சென்டர் ஸ்பீக்கரை டிவிக்கு நேர் கீழே, அலமாரியின் விளிம்புவரை இழுத்து, முகம் காதை நோக்கிச் சற்று நிமிர்ந்திருக்கும்படி வை. உள்ளே தள்ளி வைத்தால் அலமாரிப் பலகையில் பட்டுக் குரல் கலங்கும்.

உன் கூடத்தில் கை தட்டினால் சத்தம் கணகணவென்று சுற்றி வருகிறது. டைல்ஸ் தரை, வெறுஞ்சுவர், கண்ணாடி ஜன்னல். நல்ல ஸ்பீக்கரையும் அந்த எதிரொலி கெடுத்துவிடும். கனமான திரைச்சீலை போடு. நான் தந்த பவானி ஜமுக்காளத்தை டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் விரி. ஸ்பீக்கர் வாங்கும் முன்பே இதைச் செய்துவிட்டு மறுபடி கை தட்டிப் பார்.

ஒயர் மாட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால், ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றொன்று பின்னால் இழுக்கும். அடித்தொனி காணாமல் போய், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. எங்கள் தியேட்டரில் ஒருமுறை மேடையை வெள்ளையடித்த பிறகு இப்படி ஆகிவிட்டது. ஆம்ப்ளிஃபையர் பழுது என்று எல்லாரும் அதையே நோண்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒயரின் இரு முனையிலும் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சிவப்பில் பேட்டரியின் பாசிட்டிவ் பட்டால் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே வர வேண்டும். வலது பெட்டியில் மட்டும் உள்ளே போனது. ஒயரை மாற்றிப் போட்டதும் மாலைக் காட்சி சரியாக ஓடியது. உன் வீட்டில் இதைச் செய்யும்போது ஒயரை ரிசீவரிலிருந்து, அதாவது எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் பெட்டியிலிருந்து, கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

ரிசீவரின் அமைப்பில் கிராஸ்ஓவர் கேட்கும். 80 ஹெர்ட்ஸ் வை. அதற்குக் கீழே உள்ள ஒலி, அடித்தொனிக்கென்றே உள்ள பெட்டியான சப்வூஃபருக்குப் போய்விடும், சின்ன ஸ்பீக்கர்கள் திணறாது. அந்தத் தொனி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது அவ்வளவாகக் கண்டுபிடிக்காது. ஆனால் சப்வூஃபரை எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்று எண்ணிவிடாதே. 50 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறத்தாழ ஏழு மீட்டர், உன் கூடத்தைவிட நீளம். நேரே வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் குவிந்து இரையும், இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே சப்வூஃபரைச் சோபாவில் நீ உட்காரும் இடத்தில் தூக்கி வைத்து, மிருதங்கமோ தவிலோ நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் நகர்ந்து கேட்க வேண்டும். மேளத்தின் ஒவ்வொரு தட்டும் தனித்துக் கேட்கும் இடம் எதுவோ, அங்கே அதை இறக்கி வைக்க வேண்டும். முழங்கால் வலித்தாலும் இந்த வேலையை நானே வந்து செய்கிறேன்.

டிவியின் பின்னால் ஹெச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றின்மேல் ஆர்க் அல்லது இ-ஆர்க் என்று அச்சிட்டிருக்கும். டிவியின் ஒலி ரிசீவருக்குப் போகும் வழி அது. ரிசீவரிலிருந்து வரும் ஹெச்.டி.எம்.ஐ. ஒயரை அதில்தான் செருக வேண்டும்.

தைப்பொங்கல் முடிந்ததும் நாங்கள் இருவரும் புறப்படுகிறோம். அதற்குள் டிவியிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கர் மூலைக்கும் சுவரோரமாக எத்தனை அடி என்று அளந்து எழுது. ஒயரை நான் இங்கேயே வாங்கி வருகிறேன், 1.5 சதுர மில்லிமீட்டர் அசல் செம்பு. பேட்டரியும் என் பையில் இருக்கும். அம்மா பார்க்க விரும்பும் படம் எது என்று அவளையே கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா